பை அகற்றப்பட்ட பிறகு: மலக்குடல் அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குடல் தொல்லைகள்

மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபரிசோதனைக்கு வருகிறார்கள். இரத்தத்தில் சி.இ.ஏ. அளவு பார்க்கப்படுகிறது. உரிய இடைவெளியில் சி.டி. ஸ்கேனும் கொலனோஸ்கோப்பியும் செய்யப்படுகின்றன. எல்லாம் சரியாக இருந்தால், "நோய் எங்கும் இல்லை" என்று மருத்துவர் மகிழ்ச்சியோடு கூறுவார். நோயாளியும் கைகூப்பிவிட்டு எழுந்துவிடுவார். அவர் முந்தைய நாள் மாலையிலிருந்து உணவைத் தொடாமல், காலையில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், ஆத்தூரிலிருந்து பேருந்தில் வந்து அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் இறங்கியிருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். வயிற்றில் எதுவும் இருந்தால் வழியில் என்ன ஆகுமோ என்ற அச்சமே அந்தப் பட்டினிக்குக் காரணம்.

அவரிடம் சற்று நேரம் அமர்ந்து பேசினால் மற்றவை ஒவ்வொன்றாக வெளிவரும். காலையில் ஒருமுறை கழிப்பறைக்குப் போனால் அத்துடன் முடிவதில்லை. ஒரு மணி நேரத்திற்குள் நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் சிறிதளவே. உணர்வு வந்துவிட்டால் இரண்டு நிமிடம்கூடத் தாங்க முடிவதில்லை. வருவது வாயுவா மலமா என்று பிரித்தறிய முடிவதில்லை. சில நாட்கள் ஒன்றுமே போகாது. மறுநாள் அதற்கும் சேர்த்து, வீட்டைவிட்டு நகர முடியாதபடி போகும். இரவில் உள்ளாடை கறைபடுகிறது.

இதற்குக் காரணமாக மக்கள் மூன்றில் ஒன்றை நினைத்துக்கொள்கிறார்கள். சிலர் புற்று திரும்பிவிட்டது என்று அஞ்சுகிறார்கள். சிலர் அறுவை சிகிச்சையில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று ஐயுறுகிறார்கள். பெரும்பாலானோர், உயிர் பிழைத்ததற்குக் கொடுக்க வேண்டிய விலை இது என்று எண்ணி வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்த மூன்றாம் வகையினருக்காக எழுதப்படுகிறது. இத்தொல்லைக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு, காரணம் தெரியும், குறைப்பதற்கு வழிகளும் உள்ளன. 'லோ ஆன்டீரியர் ரிசெக்‌ஷன் சின்ட்ரோம்' என்பது அதன் முழுப்பெயர். சுருக்கமாக 'லார்ஸ்' என்பர். ஆசனவாயைக் காப்பாற்றி மலக்குடலை மட்டும் அகற்றும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு இது கடுமையான அளவில் இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. ஆகவே, இத்துன்பம் தமக்கு மட்டுமே நேர்ந்தது என்று எவரும் எண்ண வேண்டியதில்லை.

மதகும் நீர்த்தேக்கமும்

நம் மாவட்டத்தவர்க்கு மேட்டூர் அணையைக் கொண்டு இதை விளக்குவது எளிது. காவிரியில் வரும் நீர் அணையில் தேங்கி நிற்கிறது. வேண்டும்போது மதகைத் திறந்து வேண்டிய அளவு விடுகிறோம். உடலில் மலக்குடல் அந்த நீர்த்தேக்கம். ஆசனவாயைச் சுற்றியுள்ள சுருக்குத்தசை மதகு. சுமார் 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள மலக்குடலின் சிறப்பு, அது விரிந்து கொடுக்கும் தன்மைதான். மலம் வந்து சேர்ந்தாலும் உள்ளே அழுத்தம் உடனே ஏறுவதில்லை. அதனால்தான் நாம் "இப்போது வேண்டாம், பிறகு போகலாம்" என்று ஒத்திப்போட முடிகிறது.

அறுவை சிகிச்சையில் புற்று இருந்த மலக்குடலை, அதைச் சூழ்ந்த கொழுப்பு உறையோடு சேர்த்து அகற்றிவிட்டு, மேலிருந்து பெருங்குடலைக் கீழே இறக்கி ஆசனவாய்க்கு அருகில் இணைக்கிறோம். மதகு அப்படியே இருக்கிறது; நீர்த்தேக்கம் போய்விட்டது. புதிதாக வந்து அமர்ந்த பெருங்குடல், தள்ளிவிடும் வேலையையே வாழ்நாள் முழுவதும் செய்து பழகியது. தேக்கிவைக்கும் வேலை அதற்குத் தெரியாது. சிறிதளவு வந்தாலும் அது இறுகித் தள்ளுகிறது. அதுதான் அவசர உணர்வு. முழுவதையும் ஒரே மூச்சில் வெளியேற்ற அதனால் இயலாததால் மீண்டும் மீண்டும் போக வேண்டியிருக்கிறது. வாயுவையும் நீரையும் பிரித்தறியும் நுண்ணுணர்வு ஆசனவாயின் மேற்பகுதியில் இருக்கிறது. இணைப்பு மிகக் கீழே அமையும்போது அதுவும் ஓரளவு குறைகிறது.

கட்டி எவ்வளவு கீழே இருந்ததோ, அந்த அளவுக்குத் தொல்லையும் மிகுகிறது. கதிர்வீச்சு பெற்றவர்களுக்குத் திசுக்கள் விறைத்துவிடுவதால் கூடுதலாக இருக்கும். இணைப்பில் கசிவு ஏற்பட்டுச் சீழ் பிடித்து ஆறியவர்களுக்கும் அவ்வாறே. அறுவை மருத்துவரின் திறமையைக் குறை கூறுவதற்கு இதில் இடமில்லை. மிகச் சிறப்பாகச் செய்யப்பட்ட அறுவை சிகிச்சைக்குப் பின்னும் லார்ஸ் வரும்.

இவ்வளவு பேரைப் பாதிக்கும் ஒன்றுக்கு இவ்வளவு காலம் கவனம் கிடைக்காமல் போனதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1908-இல் லண்டனைச் சேர்ந்த எர்னெஸ்ட் மைல்ஸ் இந்நோய்க்கு வகுத்த அறுவை முறையில் மலக்குடலோடு ஆசனவாயும் அகற்றப்பட்டது. நோயாளிக்கு வாழ்நாள் முழுவதும் வயிற்றில் பை. 1940-களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கிளாட் டிக்சன் ஆசனவாயைக் காப்பாற்றும் முறையைப் பரவலாக்கினார். 1982-இல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரிலிருந்து பில் ஹீல்ட், கொழுப்பு உறையை முழுமையாக அகற்றினால் புற்று அவ்விடத்தில் திரும்புவது வெகுவாகக் குறையும் என்று எடுத்துரைத்தார். குடலை இணைக்கும் ஸ்டேப்ளர் கருவிகளும் வந்து சேர்ந்தன. நிரந்தரப் பையைத் தவிர்ப்பதே வெற்றி என்று மருத்துவ உலகம் கருதியது. பையில்லாமல் அனுப்பப்பட்டவர் வீட்டில் எப்படி வாழ்கிறார் என்ற கேள்வி வெகுநாள் கழித்தே எழுந்தது.

ஐந்து கேள்விகள்

2012-இல் டென்மார்க் மருத்துவர்கள் ஐந்தே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். இன்று பல நாடுகளில் அதுவே பயன்படுகிறது. இதைப் படிக்கும்போதே நீங்கள் உங்கள் மதிப்பெண்ணைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வாயுவை அடக்க முடியாமல் போகிறதா? ஒருபோதும் இல்லையெனில் 0, வாரத்திற்கு ஒருமுறைக்கும் குறைவு எனில் 4, வாரம் ஒருமுறையாவது நிகழ்ந்தால் 7. நீர்த்த மலம் தன்னை அறியாமல் கசிகிறதா? இல்லையெனில் 0, எப்போதாவது என்றாலும் அடிக்கடி என்றாலும் 3. நாளொன்றுக்கு எத்தனை முறை போகிறீர்கள்? ஒன்று முதல் மூன்று முறை எனில் 0, நான்கு முதல் ஏழு எனில் 2, ஏழுக்கு மேல் எனில் 4, நாளுக்கு ஒருமுறைகூட இல்லையெனில் 5. ஒருமுறை போய்வந்த ஒரு மணி நேரத்திற்குள் மறுபடி போக நேர்கிறதா? இல்லையெனில் 0, வாரத்திற்கு ஒருமுறைக்கும் குறைவு எனில் 9, வாரம் ஒருமுறையாவது எனில் 11. கழிப்பறைக்கு ஓடியே ஆக வேண்டும் என்ற அளவுக்கு அவசரம் வருகிறதா? இல்லையெனில் 0, வாரத்திற்கு ஒருமுறைக்கும் குறைவு எனில் 11, வாரம் ஒருமுறையாவது எனில் 16.

கூட்டினால் 20 வரை வந்தால் லார்ஸ் இல்லை. 21 முதல் 29 வரை மிதமானது. 30 முதல் 42 வரை கடுமையானது.

இந்த எண்களைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தொல்லையும் நோயாளியின் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்பதை அவர்களிடமே கேட்டு, அதற்கேற்ப இம்மதிப்பெண்கள் அமைக்கப்பட்டன. வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் வழக்கமாகக் கேட்பது "ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது?" என்பதுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு இங்கே கிடைப்பது அதிகபட்சம் 5. அவசரத்திற்கோ 16. எட்டு முறை போனாலும் நேரம் தெரிந்து போகிறவர் வேலைக்குச் செல்ல முடியும். மூன்றே முறை போகிறவர், அது எப்போது வரும் என்று தெரியாவிட்டால், வாசற்படியைத் தாண்ட மாட்டார். ஆகையால் மருத்துவர் "எத்தனை தடவை?" என்று கேட்டால் எண்ணை மட்டும் கூறி நிறுத்திவிடாதீர்கள். எவ்வளவு நேரம் தாங்க முடிகிறது, எதைச் செய்ய முடியாமல் போயிற்று என்பதையும் கூறுங்கள்.

2020-இல் பல நாட்டு நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் சேர்ந்து லார்ஸுக்கு ஒரு பொது வரையறை தந்தனர். அதில் குடல் அறிகுறிகள் எட்டு. அவற்றால் வாழ்வில் நேரும் விளைவுகள் எட்டு. கழிப்பறையை விட்டு விலக முடியாமை, எந்நேரமும் குடலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருத்தல், உறவுகளிலும் தாம்பத்தியத்திலும் விழும் பாதிப்பு ஆகியவையும் நோயின் பகுதிகளாகவே அதில் எழுதப்பட்டுள்ளன.

உணவில் தொடங்குவோம்

உணவைத் தவிர்ப்பது தீர்வாகாது. வெறும் வயிற்றிலும் குடல் அசைந்துகொண்டே இருக்கும், வாயு பெருகும், எடை குறையும். உணவு இரைப்பையில் இறங்கியவுடன் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயற்கை. காலை உணவுக்குப் பின் அது மிக வலுவாக இருக்கும். இதை எதிர்ப்பதைவிடப் பயன்படுத்திக்கொள்வதே அறிவுடைமை. நாள்தோறும் ஒரே நேரத்தில் காலை உணவை முடித்து, குடலுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிவிட்டுப் பிறகு வெளியே கிளம்புங்கள். இரவு உணவை ஏழு மணிக்குள் சிறிதளவாக முடித்துக்கொண்டால் இரவு ஓரளவு அமைதியாகக் கழியும்.

மலம் நீர்த்துப் போகும்போதுதான் அவசரமும் கசிவும் மிகுகின்றன. எனவே அதைக் கெட்டிப்படுத்தும் உணவுகள் உதவும். குழைந்த சோறு, இட்லி, தயிர், வாழைப்பழம், தோல் நீக்கி வேகவைத்த உருளைக்கிழங்கு ஆகியவை அத்தகையவை. நம் பகுதிக்கே உரிய ஜவ்வரிசியும் அவற்றுள் ஒன்று. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கப்பட்டு, 2023-இல் புவிசார் குறியீடும் பெற்ற அதே ஜவ்வரிசிதான். அதை மோர் சேர்த்துக் கஞ்சியாகக் குடிக்கலாம். பாலும் வெல்லமும் ஊற்றிப் பாயசமாக்கினால் எதிர்விளைவு நேரக்கூடும். பால் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. இனிப்பு குடலுக்குள் நீரை இழுக்கும். நீரிழிவு உள்ளவர்கள் ஜவ்வரிசி முழுக்க முழுக்க மாவுச்சத்து என்பதை நினைவில் வைத்து, மருத்துவரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நீரிழிவு பற்றிப் பேசும்போதே இன்னொன்று. மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். மலக்குடல் இருந்தவரை அது பெரிதாகத் தெரிந்திருக்காது, இப்போது தெரியும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று உண்டா என்று சர்க்கரை மருத்துவரிடம் கேளுங்கள். மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட் மருந்துகளும் இதே வேலையைச் செய்யும்.

காபி, மிளகாய், எண்ணெயில் பொரித்தவை, பச்சை வெங்காயம், கீரை, வேர்க்கடலை, பலாப்பழம் போன்றவை பெரும்பாலும் தொல்லை தருகின்றன. மாலையில் தட்டுவடை செட் சாப்பிட்டுப் பழகிய சேலத்து நாவுக்கு இது வருத்தமான செய்திதான். காரச் சட்னி, பச்சைக் காய்த்துருவல், வெங்காயம் என்று எல்லாமே அந்த ஒரு தட்டில் கூடியிருக்கின்றன. ஆயினும் எதையும் நிரந்தரமாக விலக்கச் சொல்ல மாட்டேன். ஒருவருக்கு ஒவ்வாதது மற்றவருக்கு ஒத்துப்போகும். சில மாதங்கள் கழித்து, வெளியே போக வேண்டாத ஒரு நாளில், ஒரே ஒரு பொருளை மட்டும் சிறிதளவு உண்டு பாருங்கள்.

மருந்தும் பயிற்சியும்

இசப்கோல் உமியை மலச்சிக்கல் மருந்தாகவே நாம் அறிவோம். நீரை உறிஞ்சிக் கூழாகும் தன்மையால் அது நீர்த்த மலத்தையும் திரட்டித் தரும். எவ்வளவு நீரில், எந்த வேளையில் என்பதை மருத்துவர் கூறுவார். குடலின் ஓட்டத்தைத் தணிக்கும் லோபரமைடு மாத்திரையை, உணவுக்கு அரைமணி முன்பாக எடுத்துக்கொள்ளும் முறையில் பலருக்குத் தருகிறோம். திருமணத்திற்கோ பயணத்திற்கோ செல்லும் நாளில் அது பெரும் துணை. ஆனால் காய்ச்சலோடு அல்லது இரத்தத்தோடு வயிற்றுப்போக்கு இருந்தால் அதைத் தொடக்கூடாது. போகாமல் கட்டிக்கொள்ளும் நாட்கள் உள்ளவர்கள் அளவைத் தாமாகக் கூட்டக்கூடாது.

இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுத் தருவார். வாயுவை அடக்குவதுபோல ஆசனவாயை உள்ளிழுத்துச் சில நொடிகள் பிடித்து, பிறகு அதைவிடக் கூடுதல் நேரம் தளர விடுவது அதன் அடிப்படை. தொடையையும் புட்டத்தையும் இறுக்கிக்கொண்டு, பயிற்சி செய்வதாக எண்ணுகிறவர்கள் பலர். ஒருமுறை நேரில் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது அதனால்தான் அவசியம். இணைப்பு ஆறிவிட்டது என்று அறுவை மருத்துவர் கூறிய பிறகே தொடங்க வேண்டும். பயன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். பத்தே நாளில் கைவிட்டுவிட்டு, பலனில்லை என்பது சரியன்று.

இவற்றால் அடங்காதவர்களுக்கு ஆசனவாய் வழியாக வெதுவெதுப்பான நீரைச் செலுத்திக் குடலைக் கழுவும் முறை இருக்கிறது. கேட்கும்போது முகம் சுளிக்கத் தோன்றும். ஆயினும், கடுமையான லார்ஸ் உள்ளவர்களுக்கு நாங்கள் தரும் சிகிச்சைகளில் இதற்கு நான் உயர்ந்த இடம் தருவேன். ஒருமுறை கழுவினால் அன்று முழுவதும், சிலருக்கு மறுநாளும், குடல் அமைதியாக இருக்கும். முதலில் மருத்துவமனையில் செவிலியரின் மேற்பார்வையில் பழகிய பின்பே வீட்டில் செய்ய வேண்டும். தாமாக எனிமா கருவி வாங்கி முயல்வது ஆபத்து, இணைப்பு புண்படலாம். முதுகெலும்பின் அடிப்பகுதி நரம்புகளுக்கு மின்தூண்டல் தரும் கருவியும் உண்டு. விலை மிக அதிகம். சில பெரிய மையங்களில் மட்டுமே செய்யப்படுகிறது.

காலமும் ஒரு மருந்துதான், ஓர் எல்லை வரை. தற்காலிகப் பையை மூடிய முதல் வாரங்களில் நாளுக்குப் பத்துப் பதினைந்து முறை போவதுண்டு. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் படிப்படியாகக் குறையும். இரண்டாண்டு கடந்தும் எஞ்சி நிற்பது தானாக மறைவது அரிது. எனவே "போகப் போகச் சரியாகிவிடும்" என்ற ஆறுதலை ஆண்டுக்கணக்கில் ஏற்றுக்கொண்டு இருக்காதீர்கள்.

வீட்டிலும் வெளியிலும்

அடிக்கடி கழுவுவதால் தோல் புண்ணாகும். சோப்பும் டெட்டாலும் வேண்டாம். வெறும் நீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பையோ வாசலினையோ மெலிதாகத் தடவுங்கள். வெளியே போகும்போது ஒரு பையில் மாற்றுத் துணி, பேட், ஈரத்தாள், மூடக்கூடிய பிளாஸ்டிக் உறை ஆகியன இருக்கட்டும். அவற்றை ஒருமுறைகூடப் பயன்படுத்த நேராமல் போகலாம். இருக்கின்றன என்ற தைரியமே பாதி அவசரத்தைத் தணிக்கும்.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். "இப்பத்தானே போய்ட்டு வந்தீங்க?" என்ற கேள்வி சாதாரணமாகத்தான் கேட்கப்படுகிறது. கேட்கப்படுகிறவருக்கு அது சுடுகிறது. கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால் வழியில் விளக்குப் போட்டுக் கொடுங்கள். பேருந்திலும் திருமண மண்டபத்திலும் அவர் ஓர இருக்கையைக் கேட்டால் காரணம் கேட்காமல் விட்டுக் கொடுங்கள். விசைத்தறிக் கூடத்திலோ லாரியிலோ வேலை செய்கிறவர்களுக்கு, இடையிடையே அனுமதி தர வேண்டும் என்று முதலாளிக்கு நாங்கள் கடிதம் எழுதித் தருகிறோம். கேட்கத் தயங்க வேண்டாம்.

பெண்கள் சிலர், சுத்தம் போதவில்லை என்று தாமே முடிவு செய்துகொண்டு, ஆடிப் பண்டிகைக்கும் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். வீட்டில் எவரும் போக வேண்டாம் என்று சொன்னதில்லை. போகலாம் என்றும் எவரும் சொன்னதில்லை. சொல்லுங்கள்.

தாம்பத்தியம் பற்றியும் கூறிவிட வேண்டும். அதற்குரிய நரம்புகள் மலக்குடலை ஒட்டியே செல்கின்றன. அறுவை சிகிச்சைக்கும் கதிர்வீச்சுக்கும் பின் ஆண்களுக்கு விறைப்புக் குறைவும் பெண்களுக்கு வறட்சியும் வலியும் நேரலாம். இவற்றுக்கும் சிகிச்சை உண்டு. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்து கேட்பது நன்று.

மீண்டும் பை

"பை இருந்தப்பத் தறிக்குப் போயிட்டு இருந்தேனுங்க சார். எடுத்ததுக்கப்புறம் வூட்டோட கெடக்கறேனுங்க" என்று ஒரு நெசவாளர் கூறினார். அவர் ஒருவர் மட்டும் கூறுவதன்று இது. எல்லா முயற்சிகளும் செய்து, இரண்டாண்டு கடந்தும் வாழ்க்கை கழிப்பறையைச் சுற்றியே இருக்குமானால், நிரந்தரக் கொலஸ்டமி ஒரு நியாயமான தெரிவு. அதைத் தோல்வியாக நான் பார்ப்பதில்லை. அது குடல் எப்போது, எங்கே வெளியேறும் என்பதை நோயாளியின் கையில் திருப்பித் தருகிறது. முடிவு அவருடையது, உறவினர்களின் கூச்சம் அதில் குறுக்கிட வேண்டாம்.

இனிமேல்தான் அறுவை சிகிச்சை என்று காத்திருப்பவர்களும் இவ்விதழைப் படிப்பீர்கள். கையெழுத்திடும் முன், "கட்டி எவ்வளவு கீழே இருக்கிறது? கதிர்வீச்சு தேவையா? அதன்பின் என் குடல் எப்படி இயங்கும்?" என்று கேளுங்கள். கதிர்வீச்சும் கீமோதெரபியும் பெற்றுக் கட்டி முற்றிலும் மறைந்துவிட்ட சிலருக்கு, அறுவை சிகிச்சையை ஒத்திவைத்து நெருங்கிக் கண்காணிக்கும் முறையும் இன்று இருக்கிறது. பிரேசிலின் ஆஞ்செலிட்டா ஹாப்ர்-காமா 2004-இல் வெளியிட்ட முடிவுகள் அதற்கு வழிதிறந்தன. எல்லோருக்கும் அது பொருந்தாது. தவறாமல் பரிசோதனைக்கு வரக்கூடியவர்களுக்கே அதை எண்ணிப் பார்க்க முடியும்.

எல்லாவற்றையும் லார்ஸ் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், சீராகி வந்த குடல் திடீரென மாறுதல், புதிதாக இடுப்பு வலி, காய்ச்சல் ஆகியன இருந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் வாருங்கள். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, வாயுவும் மலமும் அடியோடு நின்றுவிட்டால் அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

மற்றவர்கள் அடுத்த வருகைக்கு முந்தைய ஏழு நாட்களும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: உண்டது, போன நேரம், தாங்க முடிந்த நிமிடங்கள், கசிவு, போக நினைத்துப் போகாமல் விட்ட இடங்கள். எழுத இயலாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதட்டும். வரும் நாளில் காலை உணவை உண்டுவிட்டே வாருங்கள்.